சிதம்பரம் இராமலிங்கம்
ஊரையே முன்பெயராக்கிக் கொண்ட கவிஞரின் வாழ்க்கை

கடிதம் எழுதி முடித்ததும் அவர் அடியில் இடும் கையொப்பம் சிதம்பரம் இராமலிங்கம் என்பது. அவர் பிறந்த ஊர் சிதம்பரம் அல்ல. அங்கே அவருக்குச் சொந்த வீடு இருந்ததில்லை, நிலம் இருந்ததில்லை. பிறந்து சில மாதங்களிலேயே அந்தச் சீமையை விட்டுப் போனவர், முப்பது வயதைத் தாண்டிய பிறகே திரும்பி வந்தார். ஆனாலும் பெயருக்கு முன்னால் அவர் போட்டுக்கொண்ட ஊர் அது ஒன்றுதான்.

தமிழ்நாடு இன்று வள்ளலார் என்று அழைக்கும் இராமலிங்க அடிகளின் வரலாற்றை எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஞானியின் கதையாகச் சொன்னவர்கள் உண்டு. சீர்திருத்தக்காரரின் கதையாகச் சொன்னவர்களும் உண்டு. தகப்பனைப் பறிகொடுத்து, அண்ணன் வீட்டில் வளர்ந்து, தனக்குரிய இடம் எது என்று ஆயுள் முழுவதும் பாட்டிலே கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கதையாகவும் அதைப் படிக்கலாம்.

மருதூர்க் கணக்குப்பிள்ளை வீடு

சிதம்பரத்துக்கும் வடலூருக்கும் இடையில் உள்ள சிற்றூர் மருதூர். அங்கே கணக்கு வேலை பார்த்தவர் இராமையா பிள்ளை. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலை. அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஐந்து மனைவியர் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். ஆறாவதாக வந்தவர் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணத்துப் பெண் சின்னம்மை. இந்த அம்மையார் வயிற்றில் சபாபதி, பரசுராமன் என்று இரண்டு ஆண் மக்களும், சுந்தரம்மாள், உண்ணாமுலை என்று இரண்டு பெண் மக்களும் பிறந்தார்கள். ஐந்தாவதாக, 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையன்று பிறந்த கடைக்குட்டிதான் இராமலிங்கம்.

குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம், குடும்பத்தோடு சிதம்பரம் கோயிலுக்குப் போனார்கள். அங்கே சிற்றம்பலத்தின் பக்கத்தில் ரகசியம் என்று சொல்லப்படும் இடம் ஒன்று உண்டு. திரை விலகினால் உள்ளே வெட்டவெளிதான். தாயின் கையில் இருந்த குழந்தை அந்தத் திரை தூக்கப்பட்டதைப் பார்த்தது.

ஐந்து மாதக் குழந்தைக்கு என்ன நினைவு இருக்கும் என்று யாரும் கேட்கலாம். ஆனால் பல வருஷங்கள் கழித்து, அருள்விளக்கமாலை என்ற பாடல் தொகுதியில் இராமலிங்கரே அந்த நாளைக் குறிப்பிடுகிறார். தாய் முதலானவர்களோடு தில்லைக்குப் போனதையும், திரை தூக்கியபோது தமக்கு எல்லாம் வெளியாகக் காட்டப்பட்டதையும் சொல்கிறார். அவர் பின்னோக்கிப் பார்த்த பார்வையின் கடைசி எல்லை அது. அதற்கு முன்னால் அவருக்கு நினைவு இல்லை. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அந்த வெளியைத் தேடிய பயணம்தான்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் இராமையா பிள்ளை காலமானார். சின்னம்மை ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாய்வீட்டுப் பக்கமான பொன்னேரிக்குப் போனார். அங்கும் நிலைக்கவில்லை. குடும்பம் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியேறியது. தென்னாற்காட்டு மண்ணில் பிறந்த பிள்ளை பட்டணத்துப் பிள்ளையானான்.

அண்ணன் வீட்டுச் சோறு

மூத்தவரான சபாபதி பிள்ளை காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் தமிழ் படித்தவர். புராணப் பிரசங்கம் செய்து அதில் வந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தினார். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பன் ஸ்தானம் அவருக்கு. கடைசித் தம்பி படித்து முன்னுக்கு வரவேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. தாமே தம்பிக்குப் பாடம் சொல்லிப் பார்த்தார். பிறகு தம்முடைய ஆசிரியரிடமே அனுப்பினார். தம்பியோ பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் சந்நிதியில் நின்று பாடிக்கொண்டிருந்தான். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணிமாலை அவருடைய இளமைக் காலத்துப் பாட்டு.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. படிக்காதவனுக்கு வீட்டில் சோறு இல்லை என்று உத்தரவு போட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனம் கேட்கவில்லை. கணவனுக்குத் தெரியாமல் கொழுந்தனுக்குக் கொல்லைப்புறத்தில் சோறு போட்டார். ஒருநாள் மாமனாரின் திவசம். வந்தவர்கள் எல்லாம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். திதிக்குரியவரின் சொந்தப் பிள்ளை மட்டும் கொல்லைப்புறத்தில் வந்து நின்றான். அதைப் பார்த்து அண்ணி அழுதுவிட்டார் என்று சொல்வார்கள். அண்ணியின் கண்ணீருக்காகவே படிக்க ஒப்புக்கொண்டு, தனக்கு ஒரு தனி அறையும் நிலைக்கண்ணாடியும் கேட்டு வாங்கிக்கொண்டானாம் அந்தப் பையன்.

இந்தக் கதை செவிவழியாக வந்தது. ஆனாலும் பிற்காலத்தில் அவர் செய்த காரியங்களை நினைத்தால் இது மனத்தில் தைக்கிறது. தகப்பன் பெயரால் ஊருக்குச் சோறு போடுகிற நாளில் பிள்ளை வாசலுக்கு வெளியே நிற்பது எப்படிப்பட்டது என்பதை அவர் சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

பையனின் படிப்பு வேறு விதமாக வெளிப்பட்டது. முத்தியாலுப்பேட்டை சோமு செட்டியார் வீட்டில் சபாபதி பிள்ளை பெரியபுராணப் பிரசங்கம் செய்து வந்தார். ஒருநாள் அவருக்கு உடம்பு சரியில்லை. இரண்டு பாட்டு மட்டும் வாசித்துவிட்டு வரும்படி தம்பியை அனுப்பினார். போன தம்பி ஞானசம்பந்தர் வரலாற்றை எடுத்து நெடுநேரம் விரித்துப் பேசினான். அன்று முதல் அவனே பேசவேண்டும் என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டில் சோறு மறுக்கப்பட்டவனுக்கு ஊரில் மரியாதை வந்தது.

1850-ஆம் ஆண்டில் அக்காள் உண்ணாமுலையின் மகள் தனக்கோடியை அவருக்கு விவாகம் செய்து வைத்தார்கள். குடும்பத்தின் வற்புறுத்தலால் நடந்த கலியாணம் அது. கலியாண இரவைத் திருவாசகம் படித்துக் கழித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தப் பெண்ணின் மனநிலையைப் பற்றி வரலாறு எழுதியவர்கள் அதிகம் பேசவில்லை. ஞானிகளின் கதையில் இப்படிப்பட்ட பெண்கள் ஒரு வரியோடு மறைந்துபோவது நம் நாட்டு வழக்கமாகவே இருந்திருக்கிறது.

சென்னையில் அவர் சும்மா இருக்கவில்லை. 1851-ல் ஒழிவிலொடுக்கம், 1855-ல் தொண்டமண்டல சதகம், 1857-ல் சின்மய தீபிகை ஆகிய பழைய நூல்களைப் பதிப்பித்தார். 1854-ல் மனுநீதிச் சோழன் கதையை மனுமுறை கண்ட வாசகம் என்று உரைநடையில் எழுதினார். பசுவின் கன்றுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்ட தகப்பனின் கதை அது. தொழுவூர் வேலாயுத முதலியார் முதலிய மாணவர்கள் சேர்ந்தார்கள். பட்டணத்தில் ஒரு வித்துவானாகப் பேரும் புகழும் பெற்று வாழ எல்லா வழியும் திறந்திருந்தது. அவர் அதை விட்டுப் புறப்பட்டார்.

திரும்பி வந்த சீமை

1858-ஆம் ஆண்டு வாக்கில் சென்னையை விட்டுக் கிளம்பினார். கால் போன போக்கில் அல்ல. அவர் போனது தெற்கே, சிதம்பரத்தை நோக்கி. பிறகு வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் என்பவர் வீட்டில் தங்கினார். பிறந்த மருதூர் அருகில்தான் இருந்தது. ஆனால் அங்கே போய்க் குடியிருக்கவில்லை. யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையும் ஓர் அறையும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. ஒன்பது வருஷ காலம் அங்கேயே இருந்தார். சிதம்பரத்துக்கு அடிக்கடி போய் வந்தார். அவருடைய பாட்டு பெருகி ஓடிய காலம் அது.

கருங்குழி வீட்டில்தான் தண்ணீரில் விளக்கு எரிந்த சம்பவம் நடந்ததாகச் சொல்வது. வீட்டுக்கார அம்மாள் முத்தியாலம்மாள் புதுக் கலயம் பழகுவதற்காகத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். இரவில் எழுதிக்கொண்டிருந்தவர் எண்ணெய் என்று நினைத்து அதையே விளக்கில் வார்த்தார். விளக்கு விடியும்வரை எரிந்தது என்பார்கள். நம்புகிறவர்கள் நம்பட்டும். அன்னியர் வீடு ஒன்றில் இரவெல்லாம் விளக்கு வைத்து எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அந்த வீட்டு அம்மாள் எண்ணெய்க் கலயம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார் என்பதே இதில் நினைக்கத்தக்கது.

பாட்டுக்களை அச்சில் கொண்டுவர விரும்பியவர் சென்னையில் இருந்த இறுக்கம் இரத்தின முதலியார். பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுவது என்று அவர் விரதம் எடுத்துக்கொண்டார். செய்தி கருங்குழிக்கு எட்டியது. இராமலிங்கருக்குப் பொறுக்கவில்லை. விரதத்தை விட்டுவிடும்படியும் பாட்டுக்களை அனுப்பிவிடுவதாகவும் கடிதம் எழுதினார். யார் சொல்லியும் அச்சுக்குக் கொடுக்க இசையாதவர், தம் பொருட்டு ஒருவர் பட்டினி கிடக்கிறார் என்றதும் இறங்கி வந்தார்.

1867-ஆம் ஆண்டில் முதல் நான்கு திருமுறைகள் திருவருட்பா என்ற பெயரில் வெளிவந்தன. பெயரோடு சாமி என்று சேர்த்து அச்சிட வேண்டாம், அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று அவர் முன்பே எழுதியிருந்தார். வேலாயுத முதலியாரோ அதற்குப் பதிலாகத் திருவருட்பிரகாச வள்ளலார் என்று போட்டுவிட்டார். சின்னப் பட்டம் வேண்டாம் என்றவருக்குப் பெரிய பட்டம் வந்து சேர்ந்தது. அதுதான் பெரிய வழக்குக்கு வித்தாயிற்று.

மஞ்சக்குப்பம் வழக்கு

நூலின் பெயர், ஆசிரியருக்குக் கொடுத்த பெயர், திருமுறை என்ற பகுப்பு மூன்றையும் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் எதிர்த்தார். நாவலர் சாமானியர் அல்ல. ஏட்டுச்சுவடியில் கிடந்த தமிழ் நூல்களைப் பிழையில்லாமல் அச்சேற்றிய பெரியவர். 1864-ல் சிதம்பரத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவியவர். தேவாரம், திருவாசகம் முதலியவையே அருட்பா, நேற்று வந்த ஒருவருடைய பாட்டை அந்த வரிசையில் வைப்பது தகாது என்பது அவர் வாதம். அடியில் இருந்த கேள்வி இதுதான்: தமிழின் பரம்பரைச் சொத்தில் மருதூர்க் கணக்குப்பிள்ளை மகனுக்குப் பங்கு உண்டா, இல்லையா?

1869-ஆம் ஆண்டில் விவகாரம் முற்றியது. நாவலர் கண்டன நூல் எழுதினார். சிதம்பரம் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில் தம்மை இழிவாகப் பேசினார்கள் என்று கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். தீட்சிதர்களோடு இராமலிங்கர் பெயரும் அதில் இருந்தது. இராமலிங்கர் மீது குற்றம் தீர்மானமாகவில்லை. இரண்டு தமிழ்ப் பெரியவர்கள் எதிர் எதிராகக் கச்சேரி ஏறியது தமிழுக்கு வருத்தமான விஷயமே.

வழக்கு முடிந்தும் வாதம் முடியவில்லை. இருவரும் மறைந்த பிறகு அடுத்த தலைமுறை அதை எடுத்துக்கொண்டது. அருட்பா என்று ஒரு கட்சியும் மருட்பா என்று ஒரு கட்சியும் மேடைகளில் மோதின. அப்போது திருவருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களில் தலைசிறந்தவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்ற முஸ்லிம் புலவர். சைவர்களுக்குள் வந்த தகராறில் சைவப் பாட்டுக்காக வழக்காட ஓர் இஸ்லாமியர் எழுந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை கிடைத்திருக்க முடியாது.

தந்தைக்கு ஒரு விண்ணப்பம்

ஆறாம் திருமுறையில் பிள்ளைச் சிறு விண்ணப்பம், பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்று இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தம் வாழ்க்கையை அவரே திரும்பிப் பார்த்துச் சொன்ன வரலாறு வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும். மகன் தகப்பனிடம் பேசுகிற பாவனையில் அவை அமைந்திருக்கின்றன. தகப்பனின் முகமே நினைவில் இல்லாத ஒருவர், நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுக்களில் கடவுளை அப்பா என்று அழைத்து, நீ அறியாதது என்ன என்று தொடங்கித் தம்முடைய பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார்.

என்ன பயங்கள்? நீரில்லாமல் துவண்ட பயிரைப் பார்த்தால் தம் உடம்பே துவண்டது. வீடுதோறும் கையேந்தியும் பசி தீராமல் போகிறவர்களைக் கண்டபோது உள்ளம் பதைத்தது. நாள்பட்ட நோயாளிகளைப் பார்த்து நடுங்கினார். உறவினரோ சிநேகிதரோ முகம் வாடி வந்தால், என்ன கஷ்டமோ என்று அஞ்சினார். மேலான ஆடை உடுத்த அஞ்சினார். உயர்ந்த ஆசனத்தில் உட்கார அஞ்சினார். காலை ஆட்டிக்கொண்டிருக்க அஞ்சினார். கையை வீசி நடக்க அஞ்சினார். கைக்கு வந்த பணத்தைக் கிணற்றிலும் குளத்திலும் எறிந்ததையும் சொல்கிறார்.

சபையில் உட்கார்ந்தால் நூற்றுக்கணக்கானவர்கள் வணங்கிய மனிதர் இவர். அவர் மனத்துக்குள் ஒண்டிக்கொண்டிருந்தது அண்ணன் வீட்டில் அதிர்ந்து பேசாமல் வளர்ந்த அந்தச் சிறுபிள்ளைதான். பக்திப் பாட்டுக்களில் கடவுளின் பெருமையைச் சொன்னவர்கள் பலர். வீட்டுக் கதவை யாராவது தட்டினால் கூட நெஞ்சு படபடத்ததைத் தமிழில் பாட்டாக எழுதியவர் இவர்.

வடலூர் வெளி

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பாதையும், சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பாதையும் சந்திக்கிற இடம் வடலூர். பார்வதிபுரம் என்றும் அதற்குப் பெயர். ரயில் வராத அந்தக் காலத்தில் சிதம்பரத்துக்கு நடக்கிறவர்கள், கடலூர்க் கச்சேரிக்கு நடக்கிறவர்கள், பிழைப்புத் தேடி நடக்கிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகப் போனார்கள். அங்கே ஓர் அன்னசாலை அமைக்க இராமலிங்கர் விரும்பியதும், ஊரார் சேர்ந்து எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். ஜமீன்தார் கொடுத்த தானம் அல்ல, குடியானவர்கள் கொடுத்தது.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி, வைகாசி 11-ஆம் நாள், சத்திய தருமசாலை திறக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. வந்தவர்கள் யார், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று கேட்காமல் சோறு போடவேண்டும் என்பதே ஏற்பாடு. சாப்பாட்டுப் பந்தியில்தான் சாதி மிகவும் கடுமையாகப் பார்க்கப்பட்ட காலம் அது. அதனால் பந்தியில் கை வைத்தது சிறிய காரியம் அல்ல. சாலையில் திருக்குறள் வகுப்பும் நடத்தச் செய்தார். படித்தவர்கள் மட்டும் வைத்திருந்த நூல் பாமரர் காதிலும் விழுந்தது.

சாலை ஏற்பட்ட ஒன்பது ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஆனால் பசி என்பது தனி மனிதனின் தலைவிதி அல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் பதில் சொல்லவேண்டிய விஷயம் என்ற எண்ணத்தை அவர் முன்பே விதைத்துவிட்டுப் போயிருந்தார்.

அடுத்தது சபை. அதே வெளியில் எண்கோணமாக ஒரு கட்டடம் எழுந்தது. 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நடந்தது. அங்கே விக்கிரகம் இல்லை. ஒரு விளக்கும் கண்ணாடியும்தான். அவற்றை மறைத்து கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு நிறம் என்று ஏழு திரைகள். திரைகள் ஒவ்வொன்றாக விலகினால் ஜோதி தெரியும்.

தாயின் கையிலிருந்து பார்த்த சிதம்பரத்துத் திரை இங்கே ஏழாகிவிட்டது என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த இடத்துக்கு உத்தரஞான சிதம்பரம் என்று அவர் பெயர் வைத்தார். பழைய சிதம்பரத்தைப் பூர்வஞான சிதம்பரம் என்றார். சிதம்பரத்தை அவர் மறுக்கவில்லை. தமக்கு ஆதியில் காட்டப்பட்டதை எல்லாருக்கும் காட்ட வேண்டுமென்று இன்னொரு சிதம்பரம் அமைத்தார். பிறந்த குலத்தாலும் படித்த சாஸ்திரத்தாலும் உரிமை பெறாதவன் கூட நின்று பார்க்கிற சிதம்பரம் அது.

திரும்பிப் பார்த்த நாள்

1870-ல் வடலூரை விட்டு மேட்டுக்குப்பத்துக்குப் போனார். அங்கே அவர் தங்கிய வீட்டுக்குச் சித்திவளாகம் என்று பெயர். 1872-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி, 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை எழுதினார். 1873 அக்டோபரில் சித்திவளாகத்தில் மஞ்சளும் வெள்ளையுமான கொடியை ஏற்றி, கூடியிருந்தவர்களுக்கு ஒரு நீண்ட உபதேசம் செய்தார். பேருபதேசம் என்று பின்னால் பெயர் பெற்றது அது.

அந்தப் பேச்சில் வியக்கத்தக்க ஒரு காரியம் செய்தார். தம்முடைய பழைய வாழ்க்கையைத் தாமே எடுத்து எடைபோட்டார். சைவ சமயத்தில் தமக்கு முன்னே இருந்த பற்று அளவிட முடியாதது என்றும், முன்பு பாடிய பாட்டுக்களே அதற்குச் சாட்சி என்றும், அப்போது தமக்கு இருந்தது சிற்றறிவே என்றும் சொன்னார். பழைய பாட்டுக்களையும் புதிய பாட்டுக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி சொன்னார். சாதி, சமயம், ஆசாரம் ஆகியவற்றின் மேல் உள்ள பிடிப்பை விட்டால்தான் மேலே ஏற முடியும் என்பது அந்த உபதேசத்தின் சாரம்.

ஐம்பது வயதில் ஒரு மனிதர் தமக்குப் புகழ் தேடித் தந்த பாட்டுக்களையே கடந்து போகச் சொல்வது சுலபமான காரியமா? அந்தப் பாட்டுக்களுக்காகத்தான் நாவலரோடு கோர்ட்டுப் படி ஏற நேர்ந்தது. அந்தப் பாட்டுக்களுக்காகத்தான் இரத்தின முதலியார் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தார். அந்தப் பாட்டுக்களைக் கேட்டுத்தான் கூட்டம் கூடியது. சாலைக்கும் சபைக்கும் வந்தவர்கள் பலர் அவர் காலைத் தொடுவதில் காட்டிய அக்கறையை அவர் சொன்னதைச் செய்வதில் காட்டவில்லை என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. பண்ணுருட்டிக் குயவர்கள் மண்ணில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுவந்தபோது, அதைக் கையில் வாங்கிக் கீழே போட்டு உடைத்துவிட்டார் என்று சொல்வார்கள்.

1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. தென்னாற்காடு ஜில்லாவைப் பற்றி 1906-ல் பிரான்சிஸ் துரை தொகுத்த சர்க்கார் நூலிலும் மேட்டுக்குப்பத்து அறையைப் பற்றிய குறிப்பு இடம் பெற்றது.

ஆறாம் திருமுறை அவர் மறைந்த பிறகு 1885-ல்தான் அச்சாயிற்று. 1931 முதல் 1958 வரை ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பன்னிரண்டு புத்தகங்களாகத் திருவருட்பாவைப் பதிப்பித்தார். 1972-ல் ஊரன் அடிகள் பாடல்களைக் கால முறைப்படி வகுத்து வெளியிட்டார். அதனால் கந்தகோட்டத்துச் சிறுவன் மேட்டுக்குப்பத்துப் பெரியவரானது எப்படி என்று ஒரு வாசகன் தொடர்ந்து படித்துப் பார்க்க முடிகிறது.

பெயரும் நிலமும்

பெயரோடு பட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் பெயரை நாடு விடவில்லை. 1993-ல் தென்னாற்காடு ஜில்லா இரண்டாகப் பிரிந்தபோது, கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்குத் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் மாவட்டங்களின் பெயரிலிருந்து பெரியோர் பெயர்கள் நீக்கப்பட்டன; அது கடலூர் மாவட்டமாயிற்று. 2021-ல் அவர் பிறந்த அக்டோபர் 5-ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது.

2024-ஆம் ஆண்டில் வடலூர்ப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட அரசு வேலை தொடங்கியது. பார்வதிபுரத்து ஜனங்கள் திரண்டு வந்து, தோண்டிய பள்ளத்தில் இறங்கி நின்றார்கள். எங்கள் முன்னோர் கொடுத்த நிலம் இது, வெளி வெளியாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் வழக்கு. வள்ளலார் புகழ் உலகெங்கும் பரவ வேண்டும், வருகிறவர்களுக்கு வசதி வேண்டும் என்பது மறுதரப்பு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கட்டடம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் ஒரே பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

இதில் யார் பக்கம் நியாயம் என்பதை எடைபோடும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த எண்பது காணியை எழுதிக் கொடுத்தவர்கள் பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டவரும் தம் பெயருக்கு என்று ஒரு குழி நிலம் வைத்துக்கொள்ளவில்லை. பிறந்த வீடு மருதூரில் கைவிட்டுப் போயிற்று. வளர்ந்த வீடு அண்ணனுடையது. பாடிய வீடு ரெட்டியாருடையது. கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டதும் ஒரு சிற்றூரின் அறைக்குள்தான். தமக்கென்று வீடு இல்லாத மனிதர், வழியில் போகிற எவரும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓர் இடத்தை இந்த மாவட்டத்துக்கு வைத்துவிட்டுப் போனார். அந்தப் பந்தியில் இலை போடுகிறவர் இன்னும் யாரிடமும் ஊர் கேட்பதில்லை.